பொருளாவது மிஞ்சியதே என்று சொல்லாதீர்கள்

யூதர்களின் சடங்குப் பொருட்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "ஜனங்கதான் போயிட்டாங்க, பொருளாவது மிஞ்சுச்சே!" ஆவணப்படம் பார்த்துவிட்டு வந்தவர் சொல்வார். ஐரோப்பா சுற்றிவிட்டு வந்து படம் போடுகிறவர் சொல்வார். மட்டாஞ்சேரிக்கு ஒருநாள் போய்வந்தவரும் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். இருந்தும் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

"போயிட்டாங்க" என்றால் என்ன அர்த்தம்? யார் அனுப்பினார்கள், எந்த ரயிலில்? "மிஞ்சுச்சு" என்றால்? வெள்ளிக் கோப்பைக்குக் கால் முளைத்து அருங்காட்சியகத்துக்கு நடந்தா வந்தது? யாரோ ஒரு வீட்டு அலமாரியிலிருந்து யாரோ எடுத்தார்கள். எண் போட்டார்கள், பெட்டியில் அடைத்தார்கள். அந்த 'யாரோ'க்களை எல்லாம் அந்த ஒரு வாக்கியம் துடைத்துவிடுகிறது. மிஞ்சிய பொருள் யாருடையது, அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்ட பிறகுதான் அதன் அழகைப் பற்றிப் பேசவே நமக்கு உரிமை உண்டு. இதுதான் என் கட்சி. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பொருட்கள் எதற்கு என்று பார்ப்போம். வெள்ளிக்கிழமை அந்தியில் ஓய்வுநாள் தொடங்குகிறது. வீட்டில் திராட்சை ரசக் கோப்பையைக் கையில் ஏந்தி ஒரு வாழ்த்துச் சொல்வார்கள். அதற்குப் பெயர் கித்தூஷ். யூதச் சட்டம் அந்தக் கோப்பையிடம் கேட்பது ஓர் அளவு: இவ்வளவு ரசம் கொள்ள வேண்டும். வெள்ளியாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை இருட்டியதும் ஓய்வுநாளை வழியனுப்புகிற ஹவ்தாலா சடங்கில் நறுமணப் பொருளை முகர வேண்டும். கிராம்பு, பட்டை எதுவானாலும் சரி. அருங்காட்சியகங்களில் நாம் வாய்பிளந்து பார்க்கிற கோபுர வடிவ வெள்ளிச் சிமிழைச் சட்டம் கேட்கவே இல்லை. அது தட்டாரின் ஆசை, வாங்கியவரின் வசதி. ஹனுக்கா விளக்கில் எட்டுச் சுடர், அவற்றை ஏற்ற ஷம்மாஷ் என்று இன்னொன்று. எட்டின் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. சும்மா பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஹனுக்கா விளக்கை எங்கே வைப்பது என்று தல்மூத் சொல்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்தது. வாசலுக்கு வெளியே வை, தெரு பார்க்கட்டும் என்கிறது. ஆபத்துக் காலம் என்றால் மேசைமேல் வைத்தால் போதும் என்கிறது. ஆக, ஒரு வீட்டில் விளக்கு எங்கே நின்றது என்பதைக் கேட்டால் அந்தக் குடும்பம் அண்டை அயலோடு எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு இதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? 'பித்தளை, 18ஆம் நூற்றாண்டு' என்ற அட்டை இதைச் சொல்லுமா?

"யூத மரபே அழகான பொருளைப் போற்றுகிறதே" என்று கேட்கலாம். நியாயம்தான். கட்டளையை அழகாகச் செய், அழகான கூடாரம் கட்டு, அழகான கொம்பு ஊது, அழகான சுருள் எழுது என்று தல்மூத் சொல்கிறது. வெள்ளியும் பூவேலையும் அந்த ஊக்கத்தில் வந்தவைதான். ஆனால் அதே தல்மூத் இன்னொரு கோடும் போடுகிறது. கூடாரப் பண்டிகைக்குக் கட்டிய கூடாரம், கையில் பிடித்த பேரீச்சங் குருத்து, ஊதிய ஆட்டுக்கிடாக் கொம்பு, மேலாடையின் குஞ்சம் எல்லாம் கட்டளைக்கான கருவிகள். பயன்பாடு முடிந்ததா, எறிந்துவிடலாம். தோராச் சுருளுக்குப் போர்த்திய துணியையும் சுருளை வைத்த பெட்டியையும் மட்டும் எறியக்கூடாது. அவற்றை ஒதுக்கி வைத்துப் புதைக்க வேண்டும். வேத எழுத்தைத் தாங்கியவை அல்லவா.

இப்போது ஏலக்கடையின் கணக்கை எடுத்துப் பாருங்கள். அங்கே விலை வெள்ளிக்கு. மரபு மரியாதையோடு மண்ணுக்கு அனுப்புகிற நைந்த துணிக்கு விலை சொற்பம். மரபின் கணக்கும் சந்தையின் கணக்கும் ஒன்றல்ல. சந்தையின் கணக்கைத்தான் நாம் 'பாரம்பரியத்தை மதிப்பது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

துணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மானிய யூதர்களிடம் விம்பெல் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யும்போது சுற்றியிருந்த துணியை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். துவைத்து, நீளவாக்கில் நான்கு பட்டைகளாகக் கிழித்து, முனையோடு முனை தைத்து ஒரே நீள நாடாவாக்குவார்கள். அதில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் பூத்தையலில் எழுதுவார்கள். அல்லது சாயத்தில் எழுதுவார்கள். இவன் தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளரட்டும் என்று ஒரு வாழ்த்தும் இருக்கும். பிள்ளை முதன்முதலாக ஜெபாலயத்துக்கு வரும்போது அந்த நாடாவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது தோராச் சுருளைச் சுற்றிக் கட்டுகிற கச்சை ஆகும். பதின்மூன்று வயதில் அவன் வாசிக்க எழும்போது அதே கச்சையை எடுத்துக் கட்டுவார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. அது அந்தப் பையனின் பிறப்புச் சான்றிதழ். அம்மாவோ பாட்டியோ ராத்திரி விளக்கில் உட்கார்ந்து தைத்தது. ஓர் ஓரத்தில் குழந்தையின் இரத்தக் கறைகூட இருந்திருக்கலாம். இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்து "என்ன அழகான டெக்ஸ்டைல்!" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடிந்தால், நம்மிடம் ஏதோ கோளாறு இருக்கிறது. அதில் ஒரு பெயரும் தேதியும் இருக்கின்றன. 1920களில் பிறந்தவனின் தேதி என்றால், மணப்பந்தல் என்ற சொல்லைத் தைத்த கைக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்.

இனி பிராக். "பொருளாவது மிஞ்சுச்சே" கோஷ்டிக்கு மிகவும் பிடித்த ஊர்.

1939 மார்ச்சில் நாஜிகள் செக் நிலத்தைப் பிடித்தார்கள். பிராகில் ஏற்கெனவே ஒரு யூத அருங்காட்சியகம் இருந்தது. 1942ல் அது மத்திய யூத அருங்காட்சியகம் ஆனது. பொஹீமியாவிலும் மொராவியாவிலும் காலியாகிக்கொண்டிருந்த 153 யூதச் சமூகங்களின் பொருட்கள் அங்கே வந்து குவிந்தன. தோராச் சுருள்கள், திரைகள், கிரீடங்கள், சுட்டுகோல்கள். தோராவை வெறும் விரலால் தொடக்கூடாது என்பதால் வரி காட்ட ஒரு வெள்ளிக் கோல் வைத்திருப்பார்கள். நுனியில் சின்னதாக ஒரு கை இருக்கும். அதன் எபிரேயப் பெயர் யாத், அதாவது கை. ஊர் ஊராக அந்தக் கைகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பிடித்திருந்த கைகள் தெரேஸீனுக்கும் அங்கிருந்து கிழக்கேயும் போய்க்கொண்டிருந்தன.

பொருட்களை அங்கே சேர்க்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர்கள் பிராகின் யூதர்களே. காப்பாற்றலாம், ஒருநாள் உரியவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். நாஜிகள் தங்கள் காரணத்துக்காக அனுமதித்தார்கள். 'அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்' என்று அதற்கு நாஜிகள் பெயர் வைத்திருந்ததாக ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அந்தப் பெயருக்கு ஆவணச் சான்று இல்லை என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். கதை வேண்டாம், நடந்தது போதும். யூத அறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை எழுதினார்கள். எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறித்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவர்களையே ஒவ்வொருவராக நாடு கடத்தினார்கள். நூலகர் தோபியாஸ் யாகோபோவிட்ஸ் 1944ல் ஆஷ்விட்ஸில் இறந்தார். பிழைத்த மிகச் சிலரில் ஒருவர் ஹனா வோலாவ்கோவா. போருக்குப் பின் அந்த அருங்காட்சியகத்தை அவர்தான் நடத்தினார்.

பொருளைப் பத்திரமாகப் பாதுகாப்பதும் மனிதரைக் கொல்வதும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில் நடக்க முடியும். இதற்குப் பிறகும் பொருளைக் காப்பதை நாகரிகத்தின் அடையாளம் என்று என்னால் சொல்ல முடியாது.

போருக்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 1950ல் அரசு அந்த அருங்காட்சியகத்தை எடுத்துக்கொண்டது. அதன் பிங்கஸ் ஜெபாலயச் சுவர்களில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதி நினைவிடம் ஆக்கியிருந்தார்கள். நிலத்தடி ஈரம் ஏறுகிறது என்று 1968ல் அதை மூடினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்திலேயே அந்தப் பெயர்கள் சுவரைவிட்டு அகற்றப்பட்டன. 1992 தொடங்கி 1996 வரை உட்கார்ந்து மறுபடியும் எழுதவேண்டி இருந்தது. நடுவில் இருந்த ஆண்டுகளில் வெள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பத்திரமாகவே இருந்தது. பெயர்கள்தான் போயின.

அதே அரசின் வணிக நிறுவனம் அந்நியச் செலாவணிக்காகத் தோராச் சுருள்களை விற்றது. பிராகின் புறநகரில் மிஹ்லே என்ற இடத்தில் ஒரு பழைய ஜெபாலயத்தில் அடுக்கிக் கிடந்த சுருள்கள் அவை. 1964 பிப்ரவரியில் 1,564 சுருள்கள் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெபாலயத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு தோராச் சுருளில் 304,805 எழுத்துகள். தோலில், இறகுப் பேனாவால், ஆண்டுக் கணக்கில் எழுதுவது. ஓர் எழுத்து சிதைந்தாலும் திருத்தும்வரை சபையில் வாசிக்கக்கூடாது. டேவிட் பிராண்ட் என்ற எழுத்தர் பல பத்தாண்டுகள் அங்கே உட்கார்ந்து அவற்றைச் செப்பனிட்டார்.

லண்டன்காரர்கள் செய்த ஒன்றைத்தான் நான் மாதிரியாகச் சொல்வேன். அவர்கள் அந்தச் சுருள்களை விற்கவில்லை. உலகம் முழுவதும் உள்ள யூதச் சபைகளுக்குக் கடனாகத் தந்தார்கள். கடன் வாங்குகிறவர் அந்தச் சுருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அந்த ஊரின் யூதர்களை நினைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதனால் எங்கோ ஒரு சபையில் பதின்மூன்று வயதுப் பெண்ணோ பையனோ வாசிக்க எழும்போது, தன் வயதில் நின்றுபோன ஒருவரின் ஊர்ப் பெயரையும் படிக்க வேண்டியிருக்கிறது. இது சாத்தியமானதற்குக் காரணம், பிராகில் சாகப்போகிறோம் என்ற நிலையிலும் சிலர் ஊர்ப் பெயரைக் குறித்து வைத்ததுதான்.

இன்னொரு ஊர், பாக்தாத். 1940களில் ஈராக்கில் லட்சத்துக்கு மேல் யூதர்கள் வாழ்ந்தார்கள். 1950-51ல் பெரும்பாலானோர் குடியுரிமையை இழந்து கிளம்பினார்கள். கிளம்பியவர்களின் சொத்தை 1951ல் சட்டம் போட்டு அரசு முடக்கியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2003 மே மாதம், சதாமின் உளவுத்துறைத் தலைமையகத்தின் அடித்தளத்தில் நீரில் மிதந்துகொண்டு கிடந்தன யூத நூல்களும் காகிதங்களும். சுமார் 2,700 நூல்கள், பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் உலர்த்தினார்கள், செப்பனிட்டார்கள். வேலை முடிந்ததும் ஈராக்குக்குத் திருப்புவதாக ஒப்பந்தம். வெளியேறிய ஈராக்கிய யூதர்கள் எதிர்த்தார்கள். அது எங்க வீட்டுப் பொருள், எங்களை விரட்டியவர்களிடமே எப்படிக் கொடுப்பீர்கள் என்றார்கள். தேசியப் பாரம்பரியம் என்றது ஈராக் அரசு.

'தேசியப் பாரம்பரியம்' கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! ஆனால் மனிதர்களின் குடியுரிமையை எடுத்துக்கொண்டு அவர்களின் பிரார்த்தனைப் புத்தகத்தைத் தேசியச் சொத்து என்பவரிடம் நாம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா? புத்தகம் ஈராக்கியம் என்றால் அதன் சொந்தக்காரர் மட்டும் எப்படி அந்நியர் ஆனார்?

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே ஒன்று நடந்தது. சீர்செய்ய முடியாத அளவு சிதைந்த தோராத் துண்டுகளை 2013 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஓர் யூத இடுகாட்டில் புதைத்தார்கள். காப்பகக்காரர் ஒருவருக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். பழம்பொருளைப் போய் யாராவது மண்ணில் போடுவார்களா? போடுவார்கள். சொந்தக்காரர்கள் போடுவார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை வழியனுப்புவது என்று முடிவுசெய்யும் உரிமை கையில் இருப்பதைத்தான் உடைமை என்கிறோம்.

"இதெல்லாம் ஐரோப்பா, அரேபியா. நமக்கென்ன?" என்று கேட்பவருக்கு மட்டாஞ்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய் நிற்கலாம். 1568ல் கட்டிய பரதேசி ஜெபாலயம். நீலமும் வெள்ளையுமாகச் சீனத் தரை ஓடுகள், தொங்குகிற கண்ணாடி விளக்குகள், திருவிதாங்கூர் மன்னர் கொடுத்த தோராக் கிரீடம். எல்லோரும் பார்க்கிறார்கள். வெளியே தெருவெங்கும் பழம்பொருள் கடைகள். ஒரு கடையில் பளபளவென்று ஹனுக்கா விளக்கு ஒன்றைக் காட்டி "ஒரிஜினல், நூறு வருஷம்" என்றார்கள் என்னிடம். எந்த வீட்டு விளக்கு என்று கேட்டேன். கடைக்காரர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார்.

கொச்சி பிராக் அல்ல, பாக்தாதும் அல்ல. இங்கே யாரும் யூதர்களைத் துரத்தவில்லை. 1950களில் பெரும்பாலானோர் தாங்களே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபாலயத்தின் உள்ளமைப்பை 1991ல் வாங்கி ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். செதுக்கு வேலை செய்த விதானம் அங்கே பத்திரமாக இருக்கிறது. மட்டாஞ்சேரியில் நின்ற வெறுங்கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது.

ஆனாலும் அங்கேயும் பொருளுக்குப் பின்னால் மறைந்துபோன ஒரு குடும்பக் கதை உண்டு. பரதேசி ஜெபாலயத்துக்குள் எல்லா யூதரும் சமமாக உட்கார முடியவில்லை. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் முன்கூடத்துத் தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அவர்களைக் கூப்பிடமாட்டார்கள். அந்த வழியில் வந்தவர் ஏ.பி. சேலம். சென்னையில் சட்டம் படித்தவர், காந்தியர். ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்த உரிமையைக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்தது. பொன் கிரீடத்தைப் படம் எடுக்கிற நமக்கு, அதைச் சூடிய சுருளின் அருகே யார் போகலாம், யார் போகக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது தெரிய வேண்டாமா? குடும்பங்களை நினைப்பது என்றால் உருகுவது மட்டும் இல்லை. அவர்களின் அநியாயத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அதே தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி பல காலம் பூத்தையல் கடை வைத்திருந்தார். ஓய்வுநாள் ரொட்டியை மூடுகிற துணி, தலையில் வைக்கிற கிப்பா என்று தைத்து விற்றார். 2019ல், 96 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம். எனக்கு மட்டாஞ்சேரியின் பெரிய சடங்குப் பொருள் அந்த ரொட்டித் துணிதான். அதைத் தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும்.

"அப்ப அருங்காட்சியகமே வேண்டாம்கிறீங்களா?" அப்படிச் சொல்லவில்லை. பூட்டும் காவலும் ஈரம் படாத அறையும் வேண்டும். அவை இல்லாவிட்டால் நான் சொன்ன கதைகளில் பாதி இருந்திருக்காது. ஆனால் அந்த அறையைப் பொருளின் கடைசி வீடாக ஏற்றுக்கொள்ள நான் தயாரில்லை. ஒவ்வொரு அட்டையிலும் உலோகத்தின் பெயருக்கு முன்னால் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: யாருடையது, எந்த ஊர், இங்கே எப்படி வந்தது. 'தெரியவில்லை' என்றால் தெரியவில்லை என்றே பெரிய எழுத்தில் எழுதட்டும். அந்த வெற்றிடமும் பார்க்கிறவன் கண்ணில் படட்டும். உரியவர் இருந்தால் பொருள் அவரிடம் போக வேண்டும். இல்லையென்றால் சடங்கு செய்கிறவர் கையில் கடனாகவாவது போக வேண்டும். நாமும், வாங்குவதற்கு முன்னால், படம் எடுப்பதற்கு முன்னால், அந்த மூன்றையும் கேட்டுப் பழக வேண்டும்.

நடக்கிற காரியமா என்றால், நடக்கிறது. ஹிட்லர் பதவிக்கு வருவதற்குச் சற்று முன்னால், ஜெர்மனியின் கீல் நகரில், ரப்பி அகிவா போஸ்னரின் வீட்டுச் சன்னலில் ஒரு ஹனுக்கா விளக்கு இருந்தது. எதிர்க் கட்டடத்தில் ஸ்வஸ்திகாக் கொடி தொங்கியது. அவர் மனைவி ராகேல் இரண்டும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்தார். ஆபத்துக் காலத்தில் மேசைமேல் வைத்தால் போதும் என்ற சலுகை அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் சன்னலில் வைத்தார்கள். 1933ல் குடும்பம் ஜெர்மனியைவிட்டு வெளியேறியது. விளக்கையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று அது ஜெருசலேமில் யாத் வாஷெம் நினைவகத்தில் காட்சிக்கு இருக்கிறது. ஆனால் ஹனுக்கா வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு வந்துவிடும். பேரப்பிள்ளைகளின் வீட்டில் அதில் மறுபடியும் சுடர் ஏற்றுவார்கள். எட்டு நாள் முடிந்ததும் மெழுகைத் துடைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.